மெடிக்கல் லீவில் சனி, ஞாயிறும் கழியுமா? சான்றிதழ் தேதியைக் கவனிங்க!

மத்திய அரசு ஊழியர்கள் கேஷுவல் லீவ் எடுத்தால், நடுவில் வரும் ஞாயிறு கணக்கில் வராது. மெடிக்கல் லீவ் அப்படியில்லை. 1972 விடுப்பு விதிகளில் 22ஆவது விதிப்படி, டாக்டர் சான்று தரும் தேதிதான் முக்கியம்.

வாரத்துக்கு 5 நாள் வேலை; திங்கள் முதல் வெள்ளி வரை காய்ச்சல்னு வைத்துக்கொள்வோம். சனிக்கிழமையே ஃபிட்னஸ் சான்றிதழ் வாங்கினால் 5 நாளோடு முடிஞ்சது. 'திங்கள்கிழமை டியூட்டிக்குப் போறப்ப வாங்கிக்கலாம்'னு விட்டால், சனி, ஞாயிறும் சேர்ந்து 7 நாள். முழுச் சம்பளத்தோடு கிடைக்கும் கம்யூட்டட் லீவ் என்றால், அரைச் சம்பள விடுப்புக் கணக்கில் இரட்டிப்பாகக் கழிப்பாங்க: 10 நாளுக்குப் பதில் 14. ஆண்டுக்கு வரவாவதே 20 நாள்தான். சனிக்கிழமை டாக்டர் கிடைப்பாரா என்பது வேறு கதை!

லீவ் தொடக்கத்தில் இது தலைகீழ். திங்கள்கிழமை 'உடம்பு சரியில்லை' சான்று வாங்கினால், முந்தைய சனி, ஞாயிறு கழியாது. சனிக்கிழமையே வாங்கினால் கழியும்.