சொத்தைக் கத்தரிக்காய்

சேலத்துச் சந்தையில் பனமரத்துப்பட்டிக் கத்தரிக்காயைப் பொறுக்கும்போது சொத்தையை ஒதுக்கிவிடுகிறீர்கள் அல்லவா? நானும் அப்படித்தான். ஆனால் அந்தச் சொத்தை விழாமலிருக்கத் தோட்டத்தில் எத்தனை தடவை மருந்தடித்தார்கள் என்று கேட்டதுண்டா? புழு காய்க்குள் புகுந்துவிட்டால் மருந்து எட்டாது. ஆகவே முந்திக்கொண்டு அடிக்கிறார்கள், அடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இதற்கு மாற்றாகத்தான் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடியிலேயே புகுத்தி, 'பி.டி. கத்தரி'யை உண்டாக்கினார்கள். தின்ற புழு செத்துவிடும். நமது கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் இதில் பங்குண்டு. 2009-ல் நிபுணர் குழு சம்மதம் தந்தது. "தின்னப் போவது நாமும்தானே?" என்றார்கள் ஜனங்கள். மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஊர் ஊராகக் கருத்துக் கேட்டு, சோதனை போதாதென்று 2010 பிப்ரவரி 9-ல் நிறுத்தி வைத்தார். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வரும் என்பார்கள். இது இன்னும் வரவில்லை! வங்காள தேசத்திலோ 2013-லேயே அனுமதித்துவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் ஜாம்பியா 2002 பஞ்சத்தின்போதுகூட, மரபணு மாற்றிய நிவாரண மக்காச்சோளத்தை வேண்டாமென்றது.

வேடிக்கையைக் கேளுங்கள். அதே வகை மரபணுவைச் சுமந்த பருத்தி 2002 முதல் நம் நாட்டில் விளைகிறது. அதன் விதையிலிருந்து ஆட்டிய எண்ணெய் சமையலுக்கும் போகிறது. சுத்திகரித்த எண்ணெயில் அந்தப் புரதம் தங்காது என்கிறார்கள் விஞ்ஞானிகள். இருக்கலாம். ஆனால் கத்தரிக்காய்க்குக் கேட்டதுபோல், எண்ணெய்க்கு நம்மை யாரும் கேட்கவில்லையே!