சிறைக்குப் போன வக்கீல், சிறைத்துறை அமைச்சர், உச்ச நீதிமன்ற நீதிபதி... மூவரும் ஒருவரே! தெரியுமா?

கைதியாகச் சிறையைப் பார்த்தவர், அமைச்சராக அந்தத் துறையையே நிர்வகித்தார்! பிறகு நீதிபதியாகி, சிறைக்குள்ளும் சட்டத்தை நுழைய வைத்தார்! யார் தெரியுமா? வி.ஆர்.கிருஷ்ண ஐயர்!

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். பட்டப்படிப்பு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், சட்டம் சென்னையில். தொழில் தொடங்கியதோ தலச்சேரியில்! விவசாயிகள், தொழிலாளர்கள், கம்யூனிஸ்டுகள் என்று யாருக்காகவும் வாதாடுவார். விளைவு? 1948-ல் ஒரு மாதம் சிறை! கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்பதுதான் குற்றச்சாட்டு!

அவர் நம் சென்னை சட்டமன்றத்தில் உட்கார்ந்தவர், தெரியுமா? மலபார் அப்போது சென்னை மாநிலத்தோடு இருந்தது. 1952-ல் கூத்துப்பறம்பில் சுயேச்சையாக வென்று வந்தார்!

1957-ல் கேரளத்தின் முதல் அமைச்சரவை, இ.எம்.எஸ். தலைமையில்! கம்யூனிஸ்ட் அரசு, ஆனால் சட்ட அமைச்சர் ஒரு சுயேச்சை! சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம் எல்லாம் அவர் கையில்! 1959 ஜூலை 31-ல் மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது.

அரசியலில் இருந்தவர் நீதிபதியாகலாமா? 1968-ல் கேரள உயர் நீதிமன்றம், 1973-ல் உச்ச நீதிமன்றம்! எதிர்த்த வக்கீல்களில் ஒருவர் சோலி சொராப்ஜி!

சரி, 1975 ஜூன் 24 தெரியுமா? பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சொல்லி 12 நாள்தான் ஆகியிருந்தது. உச்ச நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. விடுமுறைக்கால நீதிபதி யார்? இவரேதான்! சட்ட அமைச்சர் கோகலே தொலைபேசியில் அழைத்து, நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். முன்னாள் அமைச்சரான இவர் என்ன சொன்னார்? வரவேண்டாம், மனுவைப் பதிவாளரிடம் கொடுங்கள் என்றார்! இந்திராவுக்காக வாதாடியவர் பல்கிவாலா, எதிரே சாந்தி பூஷண். தனி ஒருவராக அமர்ந்து கேட்டார். தீர்ப்பு? பிரதமராக நீடிக்கலாம், அவைக்கு வரலாம். ஆனால் ஓட்டுப் போடக் கூடாது, எம்.பி. சம்பளமும் கிடையாது! மறுநாள் இரவே நாட்டில் நெருக்கடி நிலை!!

ஒரு கடிதம் வழக்காகுமா? ஆனது! திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா எழுதினார். தனக்காகவா? இல்லை, சிறைக் காவலரிடம் சித்திரவதைப்பட்ட இன்னொரு கைதிக்காக! எழுதியவரோ மரண தண்டனைக் கைதி! எனக்கு இதில் இன்னும் மெய்சிலிர்க்கிறது. இன்னொரு கைதி அனுப்பியது வெறும் தந்தி! அதன்மீது 1980-ல் வந்ததுதான், கண்டபடி கைவிலங்கு மாட்டக் கூடாது என்ற ஐயரின் தீர்ப்பு!

வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி முத்தம்மாவைத் தெரியுமா? அப்போது அப்பணியில் இருந்த பெண் கல்யாணம் செய்ய அரசிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டியிருந்தது! ஆணுக்கு அந்தக் கட்டாயம் இல்லை! முத்தம்மா தொடுத்த வழக்கில், 1979-ல் இந்த அநியாயத்தைக் கிழித்தெறிந்து எழுதினார் ஐயர்!

சாக்கடை அள்ளப் பணமில்லை என்றது ரத்லாம் நகராட்சி. அதெல்லாம் சாக்கே அல்ல என்றார்!

1987-ல் குடியரசுத் தலைவர் தேர்தல்! ஒரு பக்கம் பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்து ஆர்.வெங்கட்ராமன், எதிரே எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக கிருஷ்ண ஐயர்! இருவரும் தொழிலாளர் வழக்குகளில் பெயரெடுத்த வக்கீல்கள்! வென்றவர் வெங்கட்ராமன்.

2014 டிசம்பர் 4-ல் ஐயர் மறைந்தார். அத்தோடு முடிந்ததா? 2024 நவம்பரில் 9 நீதிபதிகள் கூடி, தனியார் சொத்து பற்றி 1977-ல் அவர் எழுதிய கருத்தை அலசினார்கள்! பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. ஆனால் நீதிபதி துலியா ஐயர் பக்கமே நின்று, மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்!