வயலுக்கு வரும் ஓசோன்

திருவில்லிப்புத்தூர்ப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மகாராஜபுரம் என்னும் ஊர் உள்ளது. அங்கே நெல் வயலின் வரப்பில் நின்றால், 'இங்கே காற்று மாசுக்கு என்ன வேலை?' என்றுதான் தோன்றும்.

இலையில் படியும் புழுதியை விரலால் தடவியே அறியலாம். அது ஒளியை மறைக்கும். மழை பெய்தால் பெரும்பாலும் கழுவிப் போகும். ஓசோன் அப்படியன்று. வானின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே வாயு, பயிரின் உயரத்தில் நஞ்சாகிறது.

மோட்டார் வண்டிகள் ஓசோனை வெளிவிடுவதில்லை. அவற்றின் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு, காற்றில் நைட்ரஜன்-டை-ஆக்சைடாக மாறுகிறது. சுமார் 400 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள சூரிய ஒளி அதை உடைத்து ஓர் ஆக்சிஜன் அணுவை விடுவிக்கிறது. அவ்வணு ஆக்சிஜன் மூலக்கூறுடன் சேர, ஓசோன் பிறக்கிறது. எரியாத பெட்ரோல் ஆவி போன்றவையும் உடனிருந்தால் அது சேர்ந்துகொண்டே போகும்.

ஆனால் நெரிசலான சாலையில், புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடே ஓசோனை அழித்துவிடுகிறது. எனவே நகர நடுவைவிட, காற்று செல்லும் திசையிலுள்ள சிற்றூரில் ஓசோன் மிகுந்திருப்பதுண்டு. வண்டி ஓட்டியவர் ஓரிடம், தண்டனை வேறிடம்!

கார்பன்-டை-ஆக்சைடை வாங்க இலைத்துளைகள் திறக்கும்போது ஓசோனும் நுழைகிறது. பச்சையம் சிதைந்து, இலை காலத்திற்கு முன்பே மூப்படைகிறது. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் இது நேர்ந்தால் மணிக்குச் சேரவேண்டிய சர்க்கரை குறைகிறது. உழவரோ உரத்தையும் விதையையும் குறை கூறுவார். இதில் ஒரு வேடிக்கை: நீரின்றி வாடும் பயிர் துளைகளை மூடிக்கொண்டு ஓரளவு தப்பிக்கிறது, நன்றாக நீர் பாய்ச்சிய பயிரே அதிக ஓசோனை உள்வாங்குகிறது.

இழப்புக்குக் காற்றுதான் காரணம் என்று எப்படி அறிவது? வாரணாசியில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தார், மேற்புறம் திறந்த கூண்டுகளில் நெல்லும் கோதுமையும் வளர்த்தனர். சில கூண்டுகளுக்குச் சாதாரணக் காற்று. சிலவற்றுக்கு வடிகட்டிய காற்று. மற்றவை எல்லாம் ஒன்றே. வடிகட்டிய காற்று பெற்ற பயிரே கூடுதல் விளைச்சல் தந்தது.

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் சச்சின் குடே குழுவினர் 2014-இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். அதன்படி 2005-ஆம் ஆண்டில் ஓசோனால் நாடு இழந்தது, கோதுமையில் சுமார் 35 இலட்சம் டன். நெல்லில் சுமார் 21 இலட்சம் டன். நெல்லின் இழப்பு குறைந்ததற்கு மழை மேகமும் ஒரு காரணம். வட நாட்டில் நெல் பெரும்பாலும் மழைக்காலத்தில் வளர்கிறது. வெயில் குறைவு, ஓசோனும் குறைவு. கோதுமை வளர்வதோ தெளிந்த வானமுள்ள மாதங்களில். வடகிழக்குப் பருவமழையை நம்பி நடப்படும் நம் பக்கத்து நெல்லும், கதிர் முற்றும் தை மாதத்தில் அத்தகைய வெயிலில்தான் நிற்கிறது.