காதும் கருவியும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகச் செங்கற்பட்டுக்குப் போகும் பேருந்தில் ஏறிப் பழையசீவரத்தில் இறங்கினால், பாலாற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடல் இருக்கிறது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடம் ஆதலால் அவ்வூருக்கு அப்பெயர். ஆண்டில் பல மாதங்கள் அங்கே கூடிக் கிடப்பது மணலே என்பது வேறு செய்தி. சென்ற கோடையில் ஒரு நாள், அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் உள்ள புகழ்பெற்ற கல்வெட்டைக் காண்பதற்காகப் புறப்பட்டேன். வழித்துணையாகக் கைப்பேசியில் ஒரு கச்சேரியும், காதுக்குள் செருகிக்கொள்ளும் இயர்போன் ஒன்றும் இருந்தன.

அந்த இயர்போன் என் காதில் நிற்க மறுத்தது. பேருந்து பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் வலப்பக்கத்துக் கருவி கழன்று மடியில் விழும். எடுத்துச் செருகுவேன், மீண்டும் விழும். விழாத நேரத்திலும் பாட்டு மெலிந்து, உடலற்ற ஓசையாகக் கேட்டதேயொழிய நிறைவாகக் கேட்கவில்லை. எஞ்சின் இரைச்சல் ஒருபுறம், நடத்துநரின் விசில் ஒருபுறம். ஒலியைக் கூட்டினேன், மேலும் கூட்டினேன். கைப்பேசியில் இருந்த பதினைந்து படிகளில் பதின்மூன்றாம் படிக்கு வந்துவிட்டேன். பழையசீவரத்தில் இறங்கியபோது பாட்டை நிறுத்தினேன். ஆனால் காதுக்குள் வண்டு ரீங்கரிப்பது போன்ற ஓர் ஓசை நிற்கவில்லை.

அந்த ரீங்காரத்தோடு பாலத்தைக் கடந்து கோயிலுக்குள் சென்றேன். வீரராசேந்திர சோழன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு அது. கோயிலைச் சார்ந்து நடந்த ஒரு கல்விச்சாலையையும், மாணவர் விடுதியையும், ஆதுலர் சாலை ஒன்றையும் அது விவரிக்கிறது. ஆதுலர் என்றால் நோயாளிகள். அந்த மருத்துவமனையில் 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்வோர் இருவர், நோயாளிகளைப் பேணும் பெண்டிர் இருவர், ஒரு நாவிதர், இரவு முழுதும் எரிய ஒரு விளக்கு. இவற்றையெல்லாம் ஒரு முதியவர் மெல்லிய குரலில் எனக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் பாதி எனக்கு எட்டவில்லை. "என்ன சொன்னீர்கள், ஐயா?" என்று மூன்று முறை கேட்டேன். நான்காம் முறை கேட்க வெட்கமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அழியாமல் நிற்கும் செய்தியைக் கேட்கச் சென்றவன், ஒரு சிறிய பேருந்துப் பயணத்தில் காதை மழுக்கிக்கொண்டு போய் நின்றேன்.

மறுநாள் காலையில் ரீங்காரம் அடங்கிவிட்டது. ஆயினும் அச்சம் அடங்கவில்லை. காது மருத்துவரான ஓர் அம்மையாரிடம் சென்றேன். அவர் என் காதைச் சோதித்தபின், "அந்தக் கருவியைக் கொண்டு வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். "ஒலியைக் கூட்டியவர் நீங்கள், உங்களைக் கூட்ட வைத்தது இந்த ரப்பர் முனை. உங்கள் வலக் காதுக்கு இது சிறியது" என்றார். நேயர்களே, இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரு கூற்றின் விரிவுதான்.

முதலில் காதின் அமைப்பைப் பார்ப்போம். நாம் காதுத் துளை என்று சொல்லுவது நேரான துளை அன்று. ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, மெல்ல வளைந்து செல்லும் ஒரு குழல் அது. அதன் வாய் வட்டமாகவும் இராது, நீள்வட்டமாக இருக்கும். வெளிப்புறத்து மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பால் ஆனது. அது சற்று நெகிழ்ந்து கொடுக்கும். உட்புறத்து இரண்டு பங்கு கடினமான எலும்பு. அதன்மேல் போர்த்திய தோல் மிக மெல்லியது. ஆகவேதான் கருவியை ஆழமாகத் திணித்தால் வலிக்கிறது. ஒரே மனிதரின் இரு காதுகளும்கூட ஒரே அளவின அல்ல. இரண்டு கால்களுக்கும் ஒரே அளவுச் செருப்பு வாங்கிப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். என் இடக் காதுக்கு நடுத்தர முனை சரியாக இருந்தது. வலக் காதுக்குப் பெரிய முனை வேண்டியிருந்தது.

இயர்போன் விற்போர் பெட்டிக்குள் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று இணை சிலிக்கோன் முனைகளை வைத்துத் தருகிறார்கள். நம்மில் பலர் கருவியில் ஏற்கெனவே மாட்டியிருப்பதை மட்டும் பயன்படுத்திவிட்டு மற்றவற்றைப் பெட்டியோடு எறிந்துவிடுகிறோம். நானும் அவ்வாறு எறிந்தவனே.

முனை சிறியதானால் கருவி நழுவுகிறது என்பது மட்டும் குறை அன்று; ஒலியும் நழுவுகிறது. பயறளவே உள்ள ஒரு சவ்வு அக்கருவிக்குள் அதிர்கிறது. ஒரு பெரிய ஒலிபெருக்கி எழுப்பும் தாழ்ந்த ஒலியை இத்துணைச் சிறிய சவ்வு எவ்வாறு எழுப்ப முடியும்? காதுக் குழலின் வாய் நன்றாக அடைபட்டிருந்தால்தான் முடியும். அடைபட்ட சிறிய இடத்துக் காற்றை அச்சவ்வு அழுத்துகிறது. அவ்வழுத்தம் வேறு போக்கிடமின்றிச் செவிப்பறையைச் சென்று தாக்குகிறது. சிறிது இடைவெளி இருப்பினும் அழுத்தம் வெளியே கசிந்துவிடும். கசிவினால் முதலில் அழிவது தாழ்ந்த ஒலியே. கீச்சென்ற உயர்ந்த ஒலி ஓரளவு தப்பிவிடும். இதனை அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தை வைத்துக் கேளுங்கள். வலந்தலையின் நாதம் மட்டும் கணீரென்று கேட்டு, இடப்பக்கத்துத் தொப்பியின் 'தொம்' கேட்கவில்லையானால் முனை பொருந்தவில்லை என்று பொருள். விரலால் கருவியை மெல்ல அழுத்திப் பாருங்கள். அப்பொழுது தொப்பி விழித்தெழுந்தால் ஐயமே இல்லை. பேருந்தில் நான் தொப்பி இல்லாத மிருதங்கத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். அதனை ஈடுகட்ட வலந்தலையை உரக்கக் கேட்டேன்!

இன்னொரு சோதனையும் உண்டு. கருவியைச் செருகிக்கொண்டு வாயை மூடி 'ம்' என்று இழுத்தால், உங்கள் குரல் உங்களுக்கே குடத்துக்குள் பேசுவது போல முழங்க வேண்டும். காதுக் குழலின் சுவரில் எழும் அதிர்வு வெளியேற வழியின்றி உள்ளே நிற்பதால் வரும் முழக்கம் அது. பிறகு வாயைப் பலமுறை திறந்து மூடுங்கள். தாடையின் மூட்டு காதுக் குழலுக்கு நேர் முன்னால் இருக்கிறது. தாடை அசையும்போது குழலின் வடிவமும் மாறுகிறது. பேசினாலும் மென்றாலும் முனை நழுவாமல் நிற்குமானால் அதுவே உங்கள் அளவு. சிறியதே சுகம் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் சிறிய முனை ஆழமாகச் சென்றும் அடைப்பதில்லை. பெரியது அரைமணி நேரத்தில் வலி தரும். வலியின்றி அடைப்பது எதுவோ அதனைத் தேட வேண்டும்.

செருகும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. மருத்துவ அம்மையார் தம் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் காட்டினார். அதன் இரு முனைகளும் முன்னோக்கி, மூக்கை நோக்கியவாறு சாய்ந்திருந்தன. காதுக் குழல் செல்லும் திசை அதுவே என்றார். இயர்போனையும் அவ்வாறே சற்று முன்னோக்கிச் செலுத்த வேண்டும். அப்பொழுது மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்தால், குழலின் வளைவு நிமிரும். முனை தானாக உட்காரும். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்கலாகாது. அடைபட்ட குழலிலிருந்து திடீரென இழுத்தால் செவிப்பறை உறிஞ்சப்படும். மெல்லத் திருகி, காற்றுக்கு வழிவிட்டு எடுக்க வேண்டும்.

நுரையால் ஆன முனைகளும் கிடைக்கின்றன. தொழிற்சாலைகளில் இரைச்சலைத் தடுக்க அணியும் அடைப்பானுக்கு அவை உறவு. விரல்களிடையே உருட்டி ஒடுக்கி, செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருந்தால் காதின் வடிவுக்கேற்ப விரிந்து நிரம்பும். சிலிக்கோன் எதுவும் நில்லாத காதுகளுக்கு அது நல்லது. ஆனால் விரைவில் அழுக்கேறித் தளர்ந்துவிடும். கம்பியுள்ள இயர்போனாயின் கம்பியைக் காது மடலுக்கு மேலாகச் சுற்றிவிடலாம். கம்பியை எது இழுத்தாலும் இழுவை மடலின்மேல் விழும், முனை அசையாது. அவ்வாறு அணிவதற்கு ஏற்ற வடிவம் எல்லாக் கருவிகளுக்கும் இல்லை.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறியில் பாட்டுக் கேட்டபடி நெய்துகொண்டிருந்த ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். "நாடாவுக்குள்ளே தார் ஆடக் கூடாது; அதைத்தானே சொல்லுகிறீர்கள்?" என்றார். நான் இவ்வளவு நேரம் பேசியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். ஆனால் அவர் ஒரு காதில் மட்டுமே கருவியை அணிந்திருந்தார். கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ள வேண்டும். அவர் குரலுக்கு ஒரு காது திறந்திருக்க வேண்டுமாம். சாலையிலும் இருப்புப்பாதை அருகிலும் நடப்போருக்கு ஒரு காதும் போதாது. அங்கே இரண்டையும் திறந்து வைப்பதே முறை.

1924ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற மாகாண ரேடியோ கிளப், அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பை ஆரம்பித்தது. படிகக் கருவி வைத்திருந்தோர் தலையில் கனத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் அந்நாளில் கேட்க முடியும். அப்படிகக் கருவிக்கு மின்கலம் இல்லை. காற்றில் வந்த அலையின் வலிமையே அதன் வலிமை. காதைக் கெடுக்கும் அளவுக்கு உரக்கப் பாட அதனால் இயலாது. நம் பைக்குள் இருக்கும் கருவிக்கு அவ்வலிமை தாராளமாக உண்டு.

உலகச் சுகாதார நிறுவனம் கூறும் கணக்கு இது: 80 டெசிபல் அளவு ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83க்கு 20 மணி. 86க்கு 10 மணி. 89க்கு 5 மணிதான். நன்கு பொருந்திய முனை வெளி இரைச்சலில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், அந்த இரைச்சலோடு போட்டியிட்டு ஒலியைக் கூட்டும் தேவையே எழுவதில்லை. நத்தை போலச் சுருண்ட உட்செவியில், காது ஒன்றுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. பேரொலியால் மடிந்த செல்லுக்குப் பதிலாக மனிதக் காதில் வேறொன்று முளைப்பதில்லை. இரவில் ரீங்காரம் கேட்டுக் காலையில் அடங்கினால், செல்களெல்லாம் பிழைத்துவிட்டன என்று உறுதி சொல்ல முடியாது.

முனைகளைக் கழற்றி இளஞ்சூட்டு நீரில் சிறிது சோப்பிட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திய பின்பே மாட்டுங்கள். நுரை முனைக்கு மட்டும் இது ஆகாது. ஒரு பக்கத்து ஒலி திடீரெனக் குறைந்தால், கருவியின் வாயிலுள்ள நுண்வலையைக் காதுக் குறும்பி அடைத்திருக்கக் கூடும். அதற்கு மருந்து துடைப்பதே, ஒலியைக் கூட்டுவதன்று. குறும்பியை எடுக்கக் குச்சியோ கொண்டை ஊசியோ வேண்டா. அது தானாகவே வெளியே நகர்ந்து வரும் இயல்புடையது. காதில் சீழோ வலியோ உள்ள நாள்களில் கருவியைத் தொடாதீர்கள். விடுதி மாணவர்களே, ஒருவர் முனையை மற்றவர் வாங்கி அணியும் தோழமையும் வேண்டா.

சில வாரங்கள் கழித்து மீண்டும் திருமுக்கூடலுக்குச் சென்றேன். இடக் காதில் நடுத்தர முனை, வலக் காதில் பெரிய முனை. அதே சாலை, அதே பள்ளங்கள். ஆறாம் படியிலேயே தொப்பியின் ஒவ்வோர் அடியும் கேட்டது. பழையசீவரத்தில் கருவியைக் கழற்றிப் பெட்டியில் இட்டுவிட்டுப் பாலத்தின் மேல் நடந்தேன். அம்முதியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஆதுலர் சாலையில் இரவெல்லாம் எரிந்த விளக்கைப் பற்றி அதே மெல்லிய குரலில் மறுபடியும் சொன்னார். இம்முறை நான் ஒரு தடவைகூட "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்கவில்லை.