செயினில் வளைந்த மூன்று சுழி

தமிழ் எழுத்தின் அங்கங்களுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களை ஒரு தரம் நிதானமாகச் சொல்லிப் பார்த்தால், துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு, மேல்விலங்கு, கீழ்விலங்கு என்று அவை யாவும் மாட்டுத் தொழுவத்திலும் கொல்லன் பட்டறையிலும் அன்றாடம் கண்ணில் படுகிறவற்றின் பெயர்களாகவே இருப்பது விளங்கும். திண்ணைப் பள்ளியின் வாசனை இன்னும் வீசுகிற இந்தப் பெயர்களை, வடிவமைப்புக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் தங்கை மகளுக்கு நான் சொன்னபோது, அவள் தன் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் பொருள்களைக் கொண்டு புதிய எழுத்துரு ஒன்றை உண்டாக்கிவர வேண்டும் என்பது அந்தப் பருவத்தில் அவளுக்கு விதிக்கப்பட்ட பயிற்சி. வகுப்பில் பலர் 26 எழுத்தோடு முடிந்துவிடும் ஆங்கிலத்தை எடுத்துக்கொள்ள, அவள் தமிழை எடுத்துக்கொண்டாள்.

முதல் பதினைந்து நாள், எந்தப் பொருள் எந்த எழுத்தைப் போலிருக்கிறது என்று தேடுவதிலேயே கழிந்தது. தீக்குச்சி இரண்டில் டகரமும் மூன்றில் பகரமும் அமைந்தன. மூன்று நாணயங்கள் ஆய்தமாயின. தலைகீழாக நிறுத்திய குடைக்காம்பு துணைக்காலாயிற்று. திறந்த ஊக்கு, அதன் அடிச்சுருளோடு, அழகான ஒற்றைக்கொம்பாக நின்றது. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் பார்த்து மகிழ்ந்தார்கள். ஆனால் அவற்றைச் சேர்த்து ஒரு சொல்லாக வைத்தபோது அவள் முகம் வாடிவிட்டது. “தனித்தனியா அழகா இருக்கு மாமா, வார்த்தையாச் சேர்த்தா ஒண்ணுக்கொண்ணு உறவே இல்ல” என்றாள். எழுத்துரு என்பதன் இலக்கணத்தையே அந்த ஒரு வாக்கியத்தில் அவள் சொல்லிவிட்டதாக நான் கருதுகிறேன். ஒரு கையின் ரேகை எல்லா எழுத்திலும் ஓடவில்லையென்றால், அது எத்தனை சௌந்தரியமாக இருந்தாலும் கண்காட்சிப் பொருளாகுமேயன்றி எழுத்துருவாகாது.

இந்தப் பிரச்சினையோடு மேல்நாட்டில் மல்லாடியவர்கள் உண்டு. நெதர்லாந்தின் கிரோனிங்கன் நகரத்தில் அச்சகம் நடத்திய வெர்க்மன், 1923இல் தொடங்கித் தாமே அச்சிட்டு வெளியிட்ட ‘தி நெக்ஸ்ட் கால்’ என்ற சிற்றிதழில், மர எழுத்துகளோடு கதவுப் பூட்டின் தகடு ஒன்றுக்கும் மை தடவி அச்சேற்றினார். 1945 ஏப்ரலில், அந்நகரம் விடுதலை பெறுவதற்குச் சில நாள்களுக்கு முன்னர், நாஜிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் மாணவராயிருந்த காலத்தில், சாயம் வாங்கக் காசில்லாமல் குப்பைமேட்டில் பொறுக்கிய கண்ணாடிச் சில்லுகளால் சித்திரம் சமைத்த யோசப் ஆல்பர்ஸ், பிற்பாடு அங்கேயே ஆசிரியராகி, சதுரம், கால்வட்டம், முழுவட்டம் என்னும் மூன்றே உருவங்களைக் கூட்டி அகரவரிசை முழுவதையும் கட்டிக் காட்டினார். வெர்க்மனிடம் பொருளின் உயிர் இருக்கிறது. ஆல்பர்ஸிடம் எழுத்துகளின் உறவு இருக்கிறது. இரண்டும் ஒருங்கே கிடைக்க என்ன வழி என்று அவள் கேட்டாள்.

நம் எழுத்தின் பூர்வ சரித்திரத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. மாங்குளம் குகையில் உளியால் வெட்டிய தமிழி எழுத்துகள் பெரும்பாலும் நேர்க்கோடுகளாகவே நிற்கின்றன; இரண்டு தீக்குச்சிகளைக் குறுக்காக வைத்தால் அதுதான் அன்றைய ககரம். அதே எழுத்து ஓலைக்கு வந்து, எழுத்தாணிக்கு வசப்பட்டபோது, நார் ஓடும் திசையில் நீளக் கோடு கீறினால் ஏடு கிழிந்துபோகும் என்பதனால் வளைந்து கொடுத்தது என்பர் அறிஞர். ஏட்டில் பொத்தல் விழுமென்று மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட எழுதாமல் விட்டார்கள். கல்லும் ஓலையும் எழுத்தைப் போலத் தோற்றமளித்தவை அல்ல. தம் சுபாவத்துக்கு எழுத்தை இணங்கச் செய்தவை.

இதைக் கேட்ட மறுநாள் அவள் தெருமுனை சைக்கிள் கடைக்குப் போய், கழற்றிப் போட்டிருந்த பழைய செயின் இரண்டை வாங்கி வந்தாள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்து, வெள்ளைத் தாளின்மேல் பக்கவாட்டில் கிடத்தி, முதலில் டகரத்தை வளைத்தாள். தீக்குச்சியில் கூர்மையாக நின்ற மூலை செயினில் அமையவில்லை. இரண்டு மூன்று கண்ணிகளில் மெல்லத் தணிந்துதான் திரும்பிற்று. அந்தத் தணிவு பகரத்திலும் வந்தது, மகரத்திலும் வந்தது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே மூன்றும் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகளாயின.

மூன்று சுழி ணகரத்தில்தான் சிக்கிக்கொண்டாள். துருவேறி இறுகிய அந்தச் செயின், எவ்வளவு சுருட்டினாலும் ஓர் எலுமிச்சம்பழத்தின் சுற்றுக்குக் கீழே இறங்க மறுத்தது. மூன்று சுழியையும் வைத்தால் ணகரம் டகரத்தைப்போல் மும்மடங்கு அகலமாகி, பக்கத்து எழுத்தையெல்லாம் நெருக்கித் தள்ளிற்று. இரண்டு நாள் அதோடு போராடிவிட்டு, ணகரத்தைச் சுருக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, அதன் சுழியையே அளவாகக் கொண்டு மற்ற எழுத்துகளை அகலப்படுத்தத் தொடங்கினாள். செய்து முடித்த டகரமும் பகரமும் கலைந்தன. சுழி தன்மேலேயே வந்து படிகிற இடத்தில் செயின்மேல் செயின் ஏறி இரட்டைத் தடிப்பாயிற்று. மையில் எழுதினால் ஒருபோதும் வராத அந்தத் தடிப்பை மறைக்காமல் விட்டாள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு, கண்ணி பிரித்தபோது கழன்று விழுந்த சின்னஞ்சிறு உருளை ஒன்றை எடுத்துத் தலைமேல் வைத்தாள். ஓலை விட்டுவிட்ட புள்ளியைச் செயின் தானாக ஈந்தது கண்டு என் மனம் நெகிழ்ந்தது.

தமிழில் 247 எழுத்து என்பது கேட்பதற்கு மலைப்பாக இருந்தாலும், அத்தனையையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. உயிர் 12, அகரமேறிய மெய் 18, ஆய்தம் 1, ஒட்டுக்குறிகள் ஆறு, ஒன்றுபோல் ஒன்று இராத உகர ஊகார வரிசைகளின் 36, பிறகு டி, டீ என்று 75 வடிவமும் ஒரு புள்ளியும் போதும். செயின் இரண்டே இருந்ததால், ஒவ்வோர் எழுத்தையும் காலை வெளிச்சத்தில் நேர்மேலிருந்து படம் எடுத்துவிட்டு, கலைத்து, அடுத்ததைக் கட்டினாள். ழகரத்தைக் கலைக்க மட்டும் அவளுக்குக் கை எழவில்லை. ஒரு நாள் முழுதும் அது மேஜையிலேயே கிடந்தது.

பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்தத்தை அரசு 1978இல் ஏற்றபோது, 13 எழுத்துகள் தம் பழைய கூட்டு வடிவத்தை இழந்தன. அச்சுக் கோப்பவர்க்கும் தட்டச்சு செய்பவர்க்கும் அதனால் நேர்ந்த சௌகரியம் பெரிது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆயினும் எழுத்தின் தலையிலேயே யானைத் தும்பிக்கைபோல் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்த பழைய ‘லை’யை, நான் பலகையில் பயின்ற அந்த உருவத்தை, பேச்சுவாக்கில் ஒரு நாள் செய்தித்தாளின் ஓரத்தில் அவளுக்கு எழுதிக் காட்டினேன். அவள் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செயினை எடுத்து வளைத்தாள். வேறெந்த எழுத்துக்கும் முரண்டிய அந்த இரும்பு, இதற்குமட்டும் தானாகச் சுருண்டு கொடுத்தது. எந்தக் கண்ணியையும் வெட்ட நேரவில்லை. “இதுதான் மாமா செயினுக்குப் பிடிச்ச எழுத்து” என்று சொல்லி, கிரீஸ் படிந்த விரல்களைப் புடவைத் துணித் துண்டில் துடைத்துக்கொண்டு, படம் எடுக்கக் காமிராவைத் தேடப் போனாள். எழுத்துருவின் பட்டியலில் அந்தப் பழைய ‘லை’, மாற்று வடிவம் என்ற தலைப்பின் கீழ், இப்போது 76ஆவது வடிவமாக நிற்கிறது.