அத்தைக்கு மட்டும் தனிச் சமையலா?

நம் தீவில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் கப்பல் எப்போது வருகிறது என்று கேட்பது வழக்கம். இப்போது அதற்கு அடுத்தபடியாக "உங்களுக்கு சுகர் எவ்வளவு?" என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகவும், இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது. 1983-ல் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அந்தக் கழகம் தொடங்கிய மண்டல மையம் நம் டாலிகஞ்சில்தான் இருக்கிறது. தினமும் அதன் பக்கமாகக் காய்கறி வாங்கப் போய் வருகிறவள் நான். 2022 பிப்ரவரியில் அந்தக் கணக்கில் எங்கள் வீடும் ஒன்றாகியது.

என் மாமியாருக்கு அப்போது வயது 68. வெறும் வயிற்றில் 188, மூன்று மாதச் சராசரி 9.2. (வெறும் வயிற்றில் 126-ம், மூன்று மாதச் சராசரி 6.5-ம் தொட்டாலே சர்க்கரை வியாதி என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும்.) அத்தை ராமநாதபுரத்துக்காரர். கல்யாணமான கையோடு மெட்ராஸில் கப்பலேறி இங்கே வந்தவர். காலையில் பழைய சோறு, மதியம் சோறு, இரவும் சோறு என்று வளர்ந்த உடம்பு. ஊரில் களையெடுத்தும் நாற்று நட்டும் அதைக் கரைத்தார்கள். இங்கே வராந்தாவில் உட்கார்ந்தால் எப்படிக் கரையும்?

மாத்திரைகளுடன் ஒரு அச்சுத்தாளும் கையில் கொடுத்தனுப்பினார்கள். முழுவதும் ஆங்கிலம். ஓட்ஸ், பழுப்பு பிரெட், ஆப்பிள், ஆலிவ் எண்ணெய்! ஆப்பிள் இங்கே கடல் தாண்டி வந்து என்ன விலைக்கு விற்கிறது என்பதை அந்தத் தாள் எழுதியவர் அறிந்திருக்க நியாயமில்லை. இருந்தாலும் என் கணவர் அதைக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டிவிட்டார். அத்தைக்கு என்று தனியாக ஓட்ஸ் கஞ்சியும் உப்பில்லாத வேகவைத்த காயும் ஆயின. எங்களுக்கு வழக்கம்போல் குழம்பு சோறு.

அத்தை நான்கு நாள் பொறுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் தன் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத் திண்ணைக்குப் போய்விட்டார். "ஏம்மா, நான் என்ன தொத்துநோய்க்காரியா? எனக்கு மட்டும் தனி உலையா?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. என் சின்னவன் தன் தட்டோடு ஆச்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் சோற்றில் பாதியை அவர் தட்டில் தள்ளினான். மறுநாள் காலை சர்க்கரை 240.

பத்தியம் ஒருத்திக்கு மட்டும் என்றால் இந்த வீட்டில் நடக்காது என்று அன்றே தெரிந்துவிட்டது. அத்தைக்கு நல்லதான சாப்பாடு எங்களுக்கும் நல்லதுதானே? என் கணவருக்கு வயது 44, தாயார் வழியில் வியாதி, வயிறும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது. அவர் இந்தியாவின் அந்த 13 கோடியே 60 லட்சத்தில் ஒருவராக இருக்கமாட்டார் என்று யார் சொல்ல முடியும்? ஆகவே அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, ஒரே சமையல், ஒரே பந்தி, அளவு மட்டும் புதியது என்று முடிவு செய்தோம்.

அளவு என்றதும் தராசு வாங்க ஓடவேண்டாம். எங்கள் வீட்டு அரிசி டம்ளர் 200 மில்லி. அதில் தலைதட்டி அளந்தால் அரிசி ஏறத்தாழ 170 கிராம் நிற்கும், வெந்தால் மூன்று கிண்ணம் சோறு. ஒரு கிண்ணம் சோற்றில் மாவுச்சத்து மட்டும் 40 கிராம் இருக்கும், அது எட்டுத் தேக்கரண்டி சர்க்கரைக்குச் சமம். அத்தை மதியம் சாப்பிட்டது குவித்து வைத்த மூன்று கிண்ணம். சோற்றை யாரும் சர்க்கரையாக நினைப்பதில்லை. காப்பிக்குச் சீனி போடாமல் குடித்துவிட்டு மூன்று கிண்ணம் சோறு சாப்பிடுவதை நம் வீடுகளில் பத்தியம் என்றே சொல்லிக்கொள்கிறோம்!

இது நம் ஜாதகத்திலேயே எழுதியதோ என்னவோ. சென்னை நகரத்துப் பெரியவர்களிடம் செய்த ஆய்வொன்றில், அவர்கள் சாப்பிடும் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியத்திலிருந்தே வருகிறது, அதிலும் முக்கால் பங்குக்கு மேல் வெள்ளை அரிசி என்று கண்டார்கள். மொத்தச் சாப்பாட்டில் மாவுச்சத்தை 100-க்கு 50, 55 என்ற அளவுக்குக் குறைத்துப் புரதத்தை 20 வரை உயர்த்தினால் வியாதி பின்வாங்கவும் வாய்ப்புண்டு என்று மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுக் குழு 2022-ல் கணக்கிட்டுச் சொன்னது. சோற்றை அடியோடு விடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஐந்து பேருக்கு மதியம் மூன்றரை டம்ளர் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரேயடியாகக் குறைத்தால் கலகம் வரும் என்பதால் வாரத்துக்குக் கால் டம்ளராகக் குறைத்து, ஐந்து வாரத்தில் இரண்டே காலில் நிறுத்தினேன். பானையில் சோறு இல்லையென்றால் "இன்னும் கொஞ்சம்" என்ற பேச்சும் இல்லை. குறைந்த இடத்தைக் காயும் பருப்பும் மீனும் நிரப்பின. இப்போது தட்டில் பாதி காய் அல்லது கீரை, கால் பாகம் மீன் அல்லது பருப்பு, மீதிக் காலில் சோறு. அத்தைக்கு ஒரு கிண்ணம், பசித்தால் இன்னும் அரை.

மீனுக்கு நமக்குப் பஞ்சமில்லை. சூரையும் பாரையும் ஜங்லிகாட்டில் கிடைக்கும்போது கோழிக்கு ஏன் போகவேண்டும்? நூறு கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. பொரிப்பதை வாரத்தில் ஒரு நாளாக்கி, மற்ற நாள் குழம்பு. கருவாடு மட்டும் அத்தைக்கு ரத்தக்கொதிப்பும் இருப்பதால் எப்போதாவதுதான். காய்தான் இங்கே சிக்கல். மழைக்காலத்தில் கப்பல் தாமதமானால் பீன்ஸும் கேரட்டும் கைக்கு எட்டாது. ஆனால் பப்பாளிக்காயும் முருங்கைக்கீரையும் வாழைப்பூவும் நம் வேலியோரத்திலேயே இருக்கின்றன. பக்கத்து வீட்டு வங்காளி பௌதியும் வாழைப்பூவை நம்மைப்போல் ஆய்ந்துதான் சமைக்கிறார், நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஆய்வதுண்டு. கப்பக்கிழங்கு, சேனை, சீமைப்பலா ஆகியவை காய் அல்ல, சோற்றின் சொந்தக்காரர்கள். அவை இருக்கும் நாளில் சோறு இன்னும் குறையவேண்டும்.

சப்பாத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை வந்ததும் இரவில் சப்பாத்திக்கு மாறுவது நம்மவர் வழக்கம். நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம் என்றால், கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் 65 முதல் 70 வரை. நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மைதான். ஆனாலும் மூன்று சப்பாத்தி என்பது ஒன்றரைக் கிண்ணம் சோறு. அதற்கு உருளைக்கிழங்கு குருமாவும் சேர்ந்தால் கேட்கவேண்டாம்! நாங்கள் சோதனைக் கருவியில் பார்த்தே விட்டோம். முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கவேண்டும். மூன்று சப்பாத்தியும் குருமாவும் சாப்பிட்ட இரவு 238. ஒரு கிண்ணம் சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், சூரைக் குழம்பு சாப்பிட்ட மதியம் 171. அதன்பிறகு அத்தை சப்பாத்தியை மதிப்பதில்லை.

சாப்பிடும் வரிசையிலும் விஷயம் இருக்கிறது. நியூயார்க்கில் 2015-ல் பதினொரு நோயாளிகளிடம் செய்த ஒரு சிறு ஆய்வில், காயையும் கோழியையும் முதலில் சாப்பிட்டு மாவுப் பண்டத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது சர்க்கரை ஏறுவது கணிசமாகக் குறைந்ததாம். பதினொரு பேர் என்பது சிறு எண்ணிக்கைதான். ஆனால் செலவில்லாத யோசனை. நம் பந்தியில் கூட்டும் பொரியலும் முதலில் வைத்துவிட்டுத்தானே சோற்றுக் கூடை வருகிறது? சங்கத்துப் பொங்கல் விருந்தில் அத்தை இப்போது சோறு வருவதற்குள் பொரியல், கூட்டு இரண்டையும் முடித்து மறுமுறையும் கேட்டு வாங்கிவிடுகிறார். பாயசம் இரண்டு கரண்டி உண்டு. அன்று ரசம் சாதம் கிடையாது, அது அவராகப் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

இனி ஒரு எச்சரிக்கை. சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மாத்திரையை அப்படியே போடுவது ஆபத்தாக முடியலாம். சில வகை மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். அந்த ஆண்டு கந்த சஷ்டியன்று அத்தை யாரிடமும் சொல்லாமல் விரதம் இருந்தார். மாத்திரை மட்டும் உள்ளே போயிருக்கிறது. பதினொரு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. கருவி 58 காட்டியது. நல்லவேளையாக விழுங்கும் நினைவு இருந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தோம், 96. பிறகு இட்லி கொடுத்தோம். 70-க்குக் கீழே போனால் செய்யவேண்டியது இதுவே. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கவேண்டும். விரதமோ, சாப்பாட்டு மாற்றமோ, முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் டாக்டர் அதற்குப்பின் ஒரு மாத்திரையைப் பாதியாக்கினார்.

நோனிச் சாறு பற்றியும் கேட்கிறார்கள். நம் தீவில் அது எல்லாக் கடையிலும் இருக்கிறது, பாட்டிலில் எழுதாத வியாதி இல்லை. மாத்திரைக்கு மாற்றாக அதை நினைக்கவேண்டாம் என்பது என் கருத்து. அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் பழுதானவர்கள் தொடவே கூடாது.

ஆறு மாதத்தில் அத்தையின் மூன்று மாதச் சராசரி 7.6-க்கு வந்தது. 2024-ல் 7.1. என் கணவர் ஐந்து கிலோ இளைத்தார், அதற்கான புகழை அவரே எடுத்துக்கொண்டார். அத்தையின் தங்கைக்கு ஊரில் இதே வியாதியால் கால் விரல் இரண்டை எடுத்தார்கள். அந்தச் செய்தி போனில் வந்த நாளிலிருந்து அத்தை தினமும் இரவு தன் பாதத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொள்கிறார்.

சகோதரிகள் கேட்பதால் எங்கள் வீட்டு ஒரு நாளைச் சொல்கிறேன். காலை இரண்டு இட்லி, நிறையச் சாம்பார், ஒரு முட்டை. பத்தரைக்கு மோர். மதியம் மேலே சொன்ன தட்டு. நாலு மணிக்குப் பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம், சீனியில்லாத டீ. மார்கழியில் ஐந்தரைக்கே இருட்டிவிடும் ஊர் நம்முடையது. மெட்ராஸ் கடிகாரத்தைப் பார்த்து ஒன்பது மணிவரை ஏன் காத்திருக்கவேண்டும்? ஏழு மணிக்கே இரண்டு தோசை அல்லது ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழ், கூடவே காய். பிறகு அத்தையும் சின்னவனும் கால் மணி நேரம் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார்கள். மழை பெய்தால் வராந்தாவிலேயே நாற்பது சுற்று, எண்ணுவது சின்னவன்.