எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய உணவுப் பழக்கம்

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய உணவுப் பழக்கம் என்பது, மிகை உடற் பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையிலும் சிறுகுடலிலும் செய்யப்படும் அறுவைச் சிகிச்சையின் பின்னர் ஒருவரது பசி, சுவை, உண்ணும் அளவு, உணவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களைக் குறிக்கும். இச்சிகிச்சை பசியைத் தணிக்கிறது. ஆனால் கவலை, தனிமை, சலிப்பு ஆகியவற்றால் உண்ணும் பழக்கத்தை அது நேரடியாக நீக்குவதில்லை.

சிகிச்சை முறைகள்

பரவலாகச் செய்யப்படும் முறைகள் இரண்டு. இரைப்பை மாற்றுவழி அறுவையை 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், சிக்காசி இட்டோ ஆகியோர் தொடங்கினர். இன்றைய முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலீட்டர் கொள்ளளவுள்ள சிறு பை அமைக்கப்பட்டு, சிறுகுடலுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது. இரைப்பைக் குறுக்க அறுவையில் இரைப்பையின் 75 முதல் 80 விழுக்காடு வரையான பகுதி அகற்றப்படுகிறது; எஞ்சிய பகுதி குழாய் வடிவில் இருக்கும்.

பசியும் நிறைவும்

பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் 1999 ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. இது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. உணவைக் குறைத்து மட்டும் மெலிபவர்களிடம் இதன் அளவு கூடுகிறது. அதனால் பசியும் மிகுகிறது. குறுக்க அறுவையில் அப்பகுதி அகற்றப்படுவதால் இதன் அளவு குறைகிறது. மாற்றுவழி அறுவைக்குப் பின் உணவு விரைவில் சிறுகுடலை அடைவதால், நிறைவை உணர்த்தும் குடல் இயக்குநீர்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. எனவே சிறிதளவு உணவே போதுமானதாகிறது.

சுவையும் உணவு ஒவ்வாமையும்

முன்பு விரும்பிய இனிப்பும் கொழுப்பும் மிகுந்த உணவுகள் சிலருக்குப் பிடிக்காமற் போகின்றன. குறிப்பாக மாற்றுவழி அறுவைக்குப் பின், இனிப்பு உண்டவுடன் அது விரைந்து சிறுகுடலுக்குள் இறங்கினால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, மயக்க உணர்வு ஆகியவை தோன்றலாம். உண்ட 1 முதல் 3 மணி நேரத்திற்குள் இரத்தச் சர்க்கரை தாழ்வதும் உண்டு.

புதிய உணவு முறை

முதலில் நீர்ம உணவு, பின்னர் மசித்த உணவு, அதன்பின் மென்மையான உணவு எனப் படிப்படியாகவே வழக்கமான உணவு தொடங்கப்படுகிறது. நன்கு மென்று மெதுவாக உண்ணுதல், புரத உணவை முதலில் உண்ணுதல், உணவுடன் நீர் பருகாதிருத்தல் ஆகியவை அறிவுறுத்தப்படுகின்றன. உயிர்ச்சத்து பி12, இரும்பு, கால்சியம், உயிர்ச்சத்து டி போன்றவற்றின் குறைபாட்டைத் தவிர்க்க வாழ்நாள் முழுவதும் துணை மருந்துகளும் இரத்தப் பரிசோதனையும் தேவை.

உளவியல் விளைவுகள்

பலருக்கு உணவைப் பற்றிய ஓயாத சிந்தனை குறைந்து, விடுதலை உணர்வு ஏற்படுகிறது. துயரின்போது உணவில் ஆறுதல் தேடியவர்களோ அந்த ஆறுதலை இழந்ததாக உணரக்கூடும். விருந்துகளில் சிறிதளவே உண்பது, உடனிருப்போரிடம் விளக்கம் கூறவேண்டிய நிலையை உண்டாக்குகிறது. ஒருவேளை உணவைப் பெருமளவில் உண்ண இயலாத சிலர், நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கொறிக்கத் தொடங்குகின்றனர். மாற்றுவழி அறுவைக்குப் பின் மது விரைவாக இரத்தத்தில் கலப்பதோடு, மதுப் பழக்கத்திற்கு ஆட்படும் வாய்ப்பும் கூடுகிறது.

நீண்டகால நிலை

1987 இல் தொடங்கிய சுவீடன் நாட்டு உடற் பருமன் ஆய்வில், முதல் ஓரிரு ஆண்டுகளில் எடை மிகவும் குறைந்து, பின்னர் அதில் ஒரு பகுதி மீண்டது. எனினும் பெரும்பகுதி இழப்பு நிலைத்தது. பசி ஓரளவு திரும்பும் அக்காலத்தில், முதல் ஆண்டில் கற்ற பழக்கங்களே துணைநிற்கின்றன. ஆகவே அறுவைக்கு முன்னும் பின்னும் உணவியல் வல்லுநர், உளவியலாளர் ஆகியோரின் வழிகாட்டலும் சிகிச்சையின் பகுதியாகக் கருதப்படுகிறது.